கோப்பை கழுவுதலும் நிகழ்காலமும்

பாரிஸ் நகரத்தின் வடக்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஃபோபூர் சேன் தெனி வீதி வழியாக வடக்கு நோக்கி நடப்பவர், தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெட்ரோ ரயில் ஓடுகின்ற லாச்சப்பல் சந்தியை எட்டுவதற்கு முன்பாகவே, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் கடைவாசல்களில் அடுக்கப்பட்டிருப்பதையும், நகைக்கடை, புடைவைக்கடை, பலசரக்குக்கடை ஆகியவற்றின் பெயர்ப்பலகைகளில் தமிழெழுத்துக்கள் பிரெஞ்சு எழுத்துக்களோடு கலந்து நிற்பதையும் காண்பார். 1983-ஆம் ஆண்டின் ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டுப் புறப்பட்ட தமிழர்கள் மெல்ல மெல்ல உருவாக்கிக்கொண்ட கடைத்தெரு இது. 1985-இல் தொடங்கப்பெற்ற மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆண்டுதோறும் கோடையின் முடிவில் இந்த வட்டாரத்து வீதிகளில்தான் பவனி வருகிறது. அன்றைக்கு உடைபடும் தேங்காய்களின் நீரில் பாரிஸ் தெரு நனைகிறது.

‘நிகழ்காலத்தில் வாழ்வாயாக’ என்று இக்காலத்தில் எல்லாரும் எல்லாருக்கும் உபதேசம் செய்கிறார்கள். அந்த உபதேசத்தில் விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளும் பகுதி எவ்வளவு என்று ஆராய்வதற்கு, ஆற்றங்கரை ஆசிரமங்களையும் பெரும் கம்பெனிகளின் தியான அறைகளையும் விட்டுவிட்டு இந்தச் சந்தடி மிகுந்த தெருவை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஊரையும் உறவையும் யுத்தத்தில் இழந்து கடல் கடந்து வந்த ஒருவனுடைய சித்தம், ஒரு பக்கம் பின்னோக்கி எரிந்துபோன வீட்டுக்கு ஓடுகிறது. மறுபக்கம் முன்னோக்கி இன்னும் வந்து சேராத ஒரு கடிதத்துக்கு, அதாவது அவனை அகதியாக ஏற்றோம் என்றோ ஏற்கவில்லை என்றோ அரசாங்க அலுவலகம் எழுதப்போகும் அந்தக் கடிதத்துக்கு, ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் அவனுக்கென்று மிஞ்சும் ‘இன்று’ மிகவும் மெலிந்தது. நிகழ்காலத்தில் நிற்பது மனிதனுக்குத் தன்னம்பிக்கையையும் சௌக்கியத்தையும் தருகிறது என்பது உண்மையானால், அந்த உண்மை இவனிடத்திலும் செல்லுபடியாக வேண்டும்.

இந்த ஆராய்ச்சியின் ஆதிமூலமும் பாரிஸிலேயே இருக்கிறது. 1859-இல் இந்நகரத்தில் பிறந்து 1947-இல் இங்கேயே மறைந்த பியர் ஜானே என்னும் மனோதத்துவ அறிஞர், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நோயாளிகளோடு நெடுங்காலம் பழகியவர். 1902 முதல் கொலேஜ் து பிரான்ஸ் என்னும் பெருங்கல்விக் கூடத்தில் பேராசிரியராக விளங்கியவர். பிராய்டின் பெயர் உலகமெங்கும் ஒலித்த அளவுக்கு இவர் பெயர் ஒலிக்காமற்போனது மனோதத்துவ சாஸ்திரத்துக்கே நேர்ந்த நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். மனத்தின் காரியங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்றும், அவற்றை ஏணிப்படிகள்போல் வரிசைப்படுத்தலாம் என்றும், பகற்கனவு காண்பதும் பழைய சம்பவங்களை உருப்போடுவதும் கீழ்ப்படிகளிலும், கண்முன் இருக்கின்ற யதார்த்தத்தை உணர்ந்து அதில் செயலாற்றுவது உச்சிப்படியிலும் இருக்கின்றன என்றும் 1903-இல் வெளியான நூலில் அவர் விளக்கினார். மனச்சக்தி குன்றியவர்களிடத்தில் முதலில் பழுதுபடுவது அந்த உச்சிப்படிதான். அவர்கள் பழையதை மணிக்கணக்கில் பேசுவார்கள், வரப்போவதை எண்ணி நடுங்குவார்கள். ஆனால் எதிரே நிற்கும் மனிதருக்கு ஒரு விடை சொல்லவும், கையிலிருக்கும் ஒரு வேலையை முடிக்கவும் அவர்களால் இயலாது. சிதறிய கணங்களைக் கூட்டி ‘இது இப்பொழுது, இது நான்’ என்று மனம் நிகழ்காலத்தைச் சமைத்துக்கொள்ளும் அந்தச் செயலுக்குத் தனிப்பெயரே சூட்டினார். நிகழ்காலம் நமக்கு இனாமாகக் கிடைப்பதன்று, மனம் பிரயத்தனப்பட்டு உண்டாக்கிக்கொள்வது என்ற அவருடைய கருத்து, இன்றைய உபதேசிகள் பலர் கவனியாமல் விட்ட கருத்தாகும்.

அவருடைய நோயாளிகளில் ஒருத்தியை அவர் இரேன் என்ற புனைபெயரால் குறிப்பிடுகிறார். க்ஷயரோகத்தில் கிடந்த தாய்க்கு இரவு பகலாகப் பணிவிடை செய்துகொண்டே, குடும்ப ஜீவனத்துக்காகத் தையல் வேலையும் பார்த்துவந்த இந்த இளம்பெண், தாய் இறந்த அந்த இரவில் அதை ஒப்புக்கொள்ள மறுத்து, பிரேதத்தை நிமிர்த்தி உட்கார வைக்கவும் அதன் வாயில் மருந்து புகட்டவும் முயன்றாள். சவ அடக்கத்தின்போது சிரித்தாள். பின்னாளில் தாயின் மரணத்தைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் காலியான கட்டில் ஒன்றின் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்க நேர்ந்துவிட்டாலோ, அந்த இரவு முழுவதும் அவள் உடம்பில் மீண்டும் அரங்கேறும்: இல்லாத ஒருவரின் உதட்டில் கிண்ணத்தை வைப்பாள், வாயைத் துடைப்பாள், பேசுவாள்; மூன்று நான்கு மணி நேரம் அது நிற்காது. அவள் குணமடைந்தபோது அதே சம்பவத்தைச் சில வாக்கியங்களில் சொல்லி அழ முடிந்தது. முன்னது நினைவே ஆகாது, நினைவாக மாறத் தவறிய சம்பவம் அது. பின்னதுதான் நினைவு என்றார் ஜானே. கடந்தது கடந்ததாக ஆகும்வரை நிகழ்காலத்துக்கு இடம் பிறப்பதில்லை. வெடிச்சத்தம்போல் ஒரு கதவு அறைந்தால் இலங்கையின் வன்னியில் ஒரு பதுங்குகுழிக்குள் ஒரு நொடியில் போய்விழுகிற மனிதனை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படிக்கும்போது, நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தையற்காரப் பெண்ணும் அவனும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பது விளங்குகிறது.

இது பெருந்துயரம் கண்டவர்களின் நிலை. சாதாரண மனிதர்களின் மனமும் அப்படியொன்றும் அடங்கி இருப்பதன்று என்பதை 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2,250 பேருடைய கைபேசிகளுக்கு நாளின் எதிர்பாராத வேளைகளில் அழைப்பு அனுப்பி, ‘இப்பொழுது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், மனநிலை எப்படி’ என்று கேட்டார்கள். கிடைத்த விடைகளில் 46.9 விழுக்காடு, செய்யும் காரியத்தை விட்டு வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்த வேளைகளுக்கு உரியவை. அலைகின்ற மனம் மகிழ்ச்சி குறைந்த மனம் என்பதும், இன்பமான விஷயத்தை நோக்கி அலைந்தாலும் கைவேலையில் இருப்பதைவிட அது கூடுதல் மகிழ்ச்சி தரவில்லை என்பதும் தெரியவந்தன. மகிழ்ச்சியில்லாததால்தான் மனம் அலைகிறதோ என்ற நியாயமான சந்தேகத்துக்கும் அவர்கள் விடை தேடினார்கள்: அலைச்சல் முன்னும் மனச்சோர்வு பின்னுமாக வருவதே தரவுகளில் பெரும்பாலும் தென்பட்டது.

மூளையின் அமைப்பே இதற்கு இடங்கொடுக்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆன மூளை, உடலின் சக்தியில் 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது; நாம் ஒன்றில் கவனம் செலுத்தும்போது அந்தச் செலவு சிறிதளவே கூடுகிறது. அப்படியானால் சும்மா இருக்கும்போதும் அது ஏதோ பெரிய வேலையில் ஈடுபட்டிருக்க வேண்டுமல்லவா? மார்கஸ் ரெய்க்கில் என்பவரும் அவருடைய சகாக்களும் 2001-இல் அடையாளங் காட்டிய மூளைப் பகுதிகளின் ஒரு வலைப்பின்னல், வெளிவேலை இல்லாதபோது ஊக்கம் பெற்று, தன்னைப் பற்றிய எண்ணங்களையும் பழைய நினைவுகளையும் வருங்காலக் கற்பனைகளையும் நெய்துகொண்டிருக்கிறது. இதைப் பகைவனென்று கருதுவது தவறு. திட்டமிடவும் பிறர் மனத்தை ஊகிக்கவும் நமக்கு உதவுவதும் இதுவே. நாம் அதை நடத்துகிறோமா, அது நம்மை நடத்துகிறதா என்பதே வினா. நெடுநாள் தியானப் பயிற்சி உடையவர்களிடத்தில் இந்த வலைப்பின்னலின் முக்கியப் பகுதிகள் அடங்கியிருப்பதை 2011-இல் வெளிவந்த ஒரு மூளைப்பட ஆய்வு காட்டியது.

இனி லாச்சப்பலுக்குத் திரும்புவோம். பாரிஸ் உணவகங்களின் பின்கட்டில், பிரெஞ்சில் ‘பிளோஞ்ச்’ என்று பெயர்பெற்ற கழுவுமிடத்தில்தான் புலம்பெயர்ந்த தமிழர்களில் எத்தனையோ பேர் தங்கள் முதற் சம்பளத்தைச் சம்பாதித்தார்கள். ‘வெளிநாட்டில் கோப்பை கழுவுகிறான்’ என்று ஊரிலே சொல்லப்படும் அந்தச் சொல்லில் இருக்கும் இளக்காரத்தை அவர்கள் எல்லாரும் அறிவார்கள். மதிய உணவு வேளையின் நெருக்கடியில் அந்த இடத்தைப் பார்த்தால், தட்டில் ஒட்டிய எச்சிலைச் சுரண்டித் தொட்டியில் தள்ளி, தலைக்கு மேல் தொங்கும் நீர்த்தாரைக் குழாயை இழுத்துப் பீய்ச்சி, பிளாஸ்டிக் கூடையில் தட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, இயந்திரத்துக்குள் தள்ளி மூடியை இறக்கிவிட்டு, அது நீராவியைக் கக்கிக்கொண்டு திறப்பதற்குள் அடிப்பிடித்த சட்டியொன்றை எஃகு நாரால் தேய்த்து முடித்துவிடும் கைகளைக் காணலாம். திராட்சை மதுக் கிண்ணங்களை மட்டும் அக்கைகள் தனியே, தண்டைப் பிடித்து, மெதுவாகத் தூக்கும். ஒன்று விண்டாலும் நீரின் அடியில் கிடக்கும் சில்லு விரலைக் கிழிக்கும்.

பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1929-இல் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் இந்த வேலையைச் செய்தவர். இது சிந்திக்க இடமளியாத அடிமைத்தனம் என்று தம் நூலில் கடிந்துரைத்தார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. நீண்ட வேலைநேரமும் குறைந்த கூலியும் தியானத்தால் நியாயமாகிவிடுவதில்லை. ஆயினும் அதே கழுவுதலில் வேறொன்றைக் கண்ட ஒருவரும் பிரான்ஸில் இருந்தார். அவரும் ஊர் திரும்ப வழியற்றவரே. 1966-இல் சமாதானம் வேண்டி வியட்நாமை விட்டுப் புறப்பட்ட பௌத்தத் துறவி திக் நாட் ஹான், 2005 வரையில் தம் தேசத்துக்குள் அனுமதிக்கப்படாமல், பிரான்ஸைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். எழுபதுகளின் நடுவில், யுத்த பூமியில் தொண்டாற்றிக்கொண்டிருந்த தம் தோழர்களுக்கு மனம் தளராதிருக்கும் வழியைக் கற்பிக்க அவர் எழுதிய நீண்ட கடிதமே, பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு சிறு நூலாயிற்று. கழுவிமுடித்தபின் குடிக்கப்போகும் தேநீரை நினைத்துக்கொண்டு கழுவுகிறவன், தேநீர் வந்தபின் அதையும் குடிக்காமல் வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பான் என்ற கருத்து அதில் வருகிறது.

இதை அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிலர் நேராகவே பரிசோதித்தார்கள். 51 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அந்தத் துறவியின் கருத்தைத் தழுவிய ஒரு பகுதியையும், மற்றவர்களுக்குப் பாத்திரம் கழுவும் முறையைச் சொல்லும் வெறும் குறிப்பையும் படிக்கக் கொடுத்து, இரு பிரிவினரையும் கழுவச் செய்தார்கள். நீரின் சூட்டையும் சோப்பின் மணத்தையும் தட்டின் தொடுவுணர்ச்சியையும் கவனித்துக் கழுவியவர்களுக்குப் படபடப்பு 27 விழுக்காடு குறைந்தது, ஊக்கம் 25 விழுக்காடு கூடியது; மற்றவர்களுக்கு அத்தகைய மாறுதல் ஏற்படவில்லை. 2015-இல் வெளியான இந்த ஆய்வு மிகச் சிறியது. ஓய்வாக ஒருமுறை கழுவிய மாணவனையும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் கழுவும் தொழிலாளியையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. எனினும் மாறியது வேலையன்று, வேலையின்மேல் வைத்த சித்தம் மட்டுமே என்பது கவனத்துக்குரியது.

சௌக்கியத்துக்கு இது பொருந்தலாம். தன்னம்பிக்கைக்கு எப்படிப் பொருந்தும் என்று வாசகர் கேட்கக்கூடும். ஆல்பர்ட் பண்டுரா என்னும் அறிஞர் 1977-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ‘என்னால் இது ஆகும்’ என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுக்களிலிருந்து பிறக்கிறது: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற பிறர் செய்வதைக் காணல், பிறர் கூறும் ஊக்கமொழி, தன் உடலின் நிலை. இவற்றுள் வலியது முதலாவதே. வீரவசனம் பேசி வளர்க்கும் நம்பிக்கை முதல் தோல்வியிலேயே உதிர்ந்துபோக, கையால் ஒன்றை முடித்த அனுபவம் தங்கிவிடுகிறது. ஆனால் முடித்ததை முடித்ததாக மனம் பதிவு செய்வதற்கு, முடிக்கும் கணத்தில் மனம் அங்கே இருந்தாக வேண்டும். இதை ஜானே முன்பே கண்டிருந்தார்: தொடங்கிய காரியத்தை முழுமையாக நிறைவேற்றும் செயல், செலவழித்த சக்தியைத் திருப்பித் தருகிறது என்றும், வெற்றியின் மகிழ்ச்சி என்பது அந்த முடிவின் குறியே என்றும், அரைகுறையாக விடப்பட்ட காரியங்களே மனத்தைக் கசியச் செய்கின்றன என்றும் அவர் எழுதினார். ஆகவே ஒரு கூடைத் தட்டுக்களைக் கருத்தோடு கழுவி முடித்தவனுக்கு, ஊரார் இளக்காரமாகப் பேசும் அந்த வேலையிலிருந்தே ஒரு சிறு மூலதனம் சேர்கிறது. அந்த மூலதனத்தைக் கொண்டே அவன் மறுநாள் பிரெஞ்சு வகுப்புக்குப் போக முடிகிறது. கடைக்காரரிடம் தவறான உச்சரிப்போடு ஒரு வாக்கியம் பேசத் துணிய முடிகிறது.

இதை அறிந்தபின், தஞ்சம் கோரி விண்ணப்பித்தவர் முதல் 6 மாதங்கள் வேலை செய்யப் பிரெஞ்சுச் சட்டம் இடந்தருவதில்லை என்பதை மனோதத்துவக் கண்ணோடு பார்க்க வேண்டும். கூலி மட்டும் அங்கே மறுக்கப்படவில்லை. செய்துமுடிக்கும் அனுபவமே மறுக்கப்படுகிறது. வெறும் காத்திருத்தலில் முடிவு என்பதே இல்லை. லாச்சப்பலின் தேநீர்க் கடையோரங்களில் பகல்வேளையில் நிற்கும் இளைஞர்களைக் கண்டு ‘சோம்பேறிகள்’ என்று சொல்லிச் செல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அந்த இளைஞர்களும் ஒருவகையில் இன்றைய தினத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ‘என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது’ என்று விதியின்மேல் பாரத்தைப் போட்டுவிட்ட இன்றைய தினம் அது. 1999-இல் பிலிப் ஜிம்பார்டோ, ஜான் பாய்டு ஆகிய இருவரும் வகுத்த கால மனோபாவங்களின் வரிசையில், இத்தகைய விதிவச நிகழ்காலம் மனச்சோர்வோடும் தன்மதிப்புக் குறைவோடும் பிணைந்து காணப்பட்டது. இதையும் நான் புகழும் நிகழ்காலத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தியானப் பயிற்சியின் பலனை மிகைப்படுத்தவும் கூடாது. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தியானப் பயிற்சியாகத் தொடங்கிய முறை, இன்று பல தேசங்களில் மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்டது. 2014-இல், 3,515 பேர் பங்குகொண்ட 47 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், கவலையும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைகின்றன என்றும், ஆனால் மருந்து, உடற்பயிற்சி முதலிய பிற சிகிச்சைகளைக் காட்டிலும் இது மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் முடிவு கூறினார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றால், சித்திரவதை கண்ட சிலருக்கு அந்த இருளில் பழைய அறையே எழுந்து வரும். அத்தகையவர்களுக்குக் கண் திறந்திருக்க, கால் தரையில் ஊன்றியிருக்க, கையில் ஏதேனும் ஒரு பொருளின் குளிர்ச்சியோ சூடோ தெரிய, சுற்றிலும் காணும் பொருள்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி மீள்வதே பாதுகாப்பான வழி. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், அவரவர் மரபிலேயே ஊறிய முறைகளை, அதாவது சைவருக்கு மந்திர ஜபத்தையும் கத்தோலிக்கருக்குச் செபமாலையையும் இஸ்லாமியருக்குத் திக்ரையும், சாந்தப்படுத்தும் சிகிச்சையாகக் கையாண்டதில் பெரிய விவேகம் இருக்கிறது. நாவும் விரலும் பழகிய ஒன்றைப் பற்றிக்கொண்டு மனம் மீள்கிறது.

ஆஸ்திரேலியாவில் சகரி ஸ்டீல், டெரிக் சிலோவ் முதலியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு நேராகத் தமிழர்களைப் பற்றியது. தஞ்சம் கோருவோர் 62 பேர், அகதிகள் 30 பேர், குடிபெயர்ந்தோர் 104 பேர் ஆகிய தமிழர்களிடத்தில் மனவடுவின் அறிகுறிகளை அளந்தபோது, தாய்நாட்டில் பட்ட கொடுமைகள் 20 விழுக்காட்டு வேற்றுமையை விளக்கின. வந்த நாட்டில் படும் தொல்லைகள் மேலும் 14 விழுக்காட்டை விளக்கின. நோயின் வேர் முழுவதும் கடந்த காலத்தில்தான் என்று எண்ணியவர்களுக்கு இது திருத்தமாயிற்று. மனிதன் இன்றைய தினத்தில் நிலைகொள்ள வேண்டுமானால், இன்றைய தினம் அவனைத் தாங்கும்படி இருக்க வேண்டும்.

அது தாங்காத இடம் விசாரணை அறை. தஞ்சம் கோருபவன் அதிகாரியின்முன் அமர்ந்து, நடந்ததைத் தேதி வாரியாக, முன்னுக்குப்பின் முரணின்றிச் சொல்ல வேண்டும். மறுக்கப்பட்டால் மோந்த்ரையில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மீண்டும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஏற்கனவே தங்க அனுமதி பெற்று, பொய் சொல்லத் தேவையே இல்லாதிருந்த கொசோவோ, போஸ்னியா அகதிகள் 39 பேரை இருமுறை விசாரித்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுடைய கூற்றுக்களில் முரண்பாடுகள் சர்வசாதாரணமாகக் காணப்பட்டன. மனவடு மிகுந்தவர்களிடத்தில் இரு விசாரணைகளுக்கும் இடையே காலம் நீள நீள அவை பெருகின. இரேனுடைய வரலாற்றைப் படித்தவர்க்கு இதில் வியப்பிராது. ஜானேயின் சிகிச்சை முறையில் முதலில் நோயாளிக்குப் பாதுகாப்பும் பலமும் தரப்படும். அதன் பின்பே கொடிய நினைவு தொடப்படும். கடைசியில் அன்றாட வாழ்வுக்கு அவர் திரும்புவார். அகதி விசாரணை இவ்வரிசையைத் தலைகீழாக்கி, நினைவை முதலில் கேட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பிறகு தருவதாகச் சொல்கிறது. ஆதலால் விசாரணைக்குப் போகுமுன்பே மருத்துவரைக் காண்பது நல்லது. பாரிஸ் பிரதேசத்தில் நாடிழந்தோரின் ஆரோக்கியத்துக்காக 1979-இல் தொடங்கிய கொமெது அமைப்பும், சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக 1995-இல் தொடங்கிய பிரிமோ லெவி மையமும் மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொண்டு சிகிச்சை அளிக்கின்றன. லாச்சப்பலில் புதிதாக வந்திறங்கும் ஒருவருக்கு, வேலைக்கும் வீட்டுக்கும் வழி சொல்லுகிற அந்த முதல் நாளிலேயே இவற்றின் விலாசத்தையும் எழுதிக் கொடுப்பவர் அவருக்குப் பெரிய உபகாரம் செய்தவராவார்.